சின்னக் கொல்லையில் 18 அடி நீச்சல் குளம்: குழி வெட்டும் முன் யோசனை சொல்லுங்கள்

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 28 அடி நீளமும் 16 அடி அகலமும் உள்ள ஒரு துண்டு இடம் இருக்கிறது. மூன்று பக்கம் காம்பவுண்டுச் சுவர், நீளவாக்கில் ஒரு பக்கம் வீட்டின் பின்சுவர். அங்கே ஒரு சின்ன நீச்சல் குளம் கட்ட வேண்டும் என்பது எங்கள் பல வருட ஆசை. எனக்கு முதுகு வலி, தண்ணீரில் நடந்தால்தான் இதமாக இருக்கிறது. மகளுக்கு 9 வயது, நீச்சல் கற்றுக்கொண்டிருக்கிறாள். சின்னவனுக்கு 3 வயது.

ஒப்பந்தக்காரர் 18க்கு 10 அடி, ஆழம் ஐந்தரை அடி, ஒன்றரை எச்பி மோட்டார் என்று வரைந்து கொடுத்திருக்கிறார். காகிதத்தில் அழகாக இருந்தது. நேற்று சாயங்காலம் சுண்ணாம்புப் பொடியால் தரையில் அப்படியே கோடு போட்டுப் பார்த்தேன். கோட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டால் அதைத் தாண்டி நடக்க முடியவில்லை. மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இந்த அளவு சரியா? கான்கிரீட்டா, ஃபைபர் கிளாஸ் தொட்டியா? வீட்டின் பக்கவாட்டுச் சந்து மூன்றரை அடிதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1

கோடு போட்டுப் பார்த்தது ரொம்ப நல்ல காரியம். முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: அந்தத் தண்ணீரில் இறங்கி என்ன செய்யப் போகிறீர்கள்? 18 அடியில் நீந்திப் போக முடியாது, சுவரை உதைத்துக் கிளம்பி மூன்று வீச்சு போட்டால் எதிர்ச் சுவர் வந்துவிடும். அது 13 அடியாக இருந்தாலும் இதே கதைதான். நிஜமாக நீந்த வேண்டுமென்றால் இடுப்பில் பெல்ட் கட்டி, மீள்கயிற்றைச் சுவர்க் கொக்கியில் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நீந்தலாம், அதற்கு 11 அடி போதும். எங்கள் வீட்டில் 6 வருடமாக அப்படித்தான் நீந்துகிறோம்.

நடக்க வேண்டும் என்கிறீர்களே, அதற்குத் தண்ணீர் 4 அடி, எல்லா இடத்திலும் ஒரே ஆழம். ஐந்தரை அடியில் உங்கள் மகளால் நிற்கவே முடியாது. தலைகீழாகக் குதிக்கும் ஆசை யாருக்கும் வேண்டாம், ஐந்தரை அடியும் அதற்குப் பத்தாது.

என் கணக்கு 13க்கு 8. படிக்கட்டை நடுவில் நீட்டினால் இடத்தைத் தின்றுவிடும். அதற்குப் பதில் 8 அடிப் பக்கம் முழுக்க ஒன்றரை அடி அகலத்தில் ஒரு திண்ணை கட்டுங்கள், தண்ணீருக்கு 18 அங்குலம் கீழே. அதன் ஒரு மூலையில் பத்துப் பத்து அங்குலத்தில் இரண்டு படி வைத்தால் தரைக்கு இறங்கிவிடலாம். பெரியவர்கள் உட்கார அதுவே இடம், முதுகுக்கும் நல்லது.

பதில் 2

ஃபைபர் கிளாஸ் என்றால் ஒரே வார்ப்பாக வரும். மூன்றரை அடிச் சந்தில் 8 அடித் தொட்டி எப்படி நுழையும்? கிரேன் வைத்து வீட்டுக்கு மேலே தூக்கி இறக்க வேண்டும். கிரேன் நிற்க இடமும், மேலே மின்கம்பி குறுக்கிடாத வழியும் இருந்தால் யோசிக்கலாம்.

அப்புறம் நிலத்தடி நீரைப் பாருங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்களுடையது ஃபைபர் தொட்டி. நல்ல மழைக்கு அடுத்த வாரம் கழுவலாம் என்று தண்ணீர் முழுவதையும் இறைத்தோம். மறுநாள் காலையில் ஒரு மூலை மண்ணிலிருந்து ஒரு சாண் மேலே எழும்பி நின்றது, ஓரக் கல்லெல்லாம் பிளந்து கிடந்தது. வெற்றுத் தொட்டி ஒரு படகு மாதிரி. சுற்றி மண்ணில் நீர் ஏறினால் மிதக்கத்தான் செய்யும்.

பதில் 3

நான் கட்டடப் பொறியாளர். அளவு, அழகு எல்லாம் இருக்கட்டும், எனக்குக் கவலை அந்த மதில் சுவர். அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம் என்று தெரியுமா? பொதுவான கணக்கு இது: அஸ்திவாரத்தின் அடி ஓரத்திலிருந்து 45 டிகிரியில் கீழ்நோக்கி ஒரு சாய்கோடு இழுங்கள். உங்கள் குழி அந்தக் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது, போனால் சுவரைத் தாங்குகிற மண்ணையே நீங்கள் எடுத்துவிடுகிறீர்கள். அஸ்திவாரம் இரண்டரை அடி ஆழம், குழி ஆறரை அடி ஆழம் என்று வையுங்கள், வித்தியாசம் 4 அடி, அப்படியானால் 4 அடி தள்ளித்தான் வெட்டலாம். குளத்தின் சுவர்த் தடிமன், ஆள் நின்று வேலை செய்யும் இடைவெளி எல்லாம் சேர்த்தால் 10 அடிக் குளத்துக்கு 13 அடி அகலக் குழி வேண்டும். உங்கள் 16 அடியில் பக்கத்துக்கு ஒன்றரை அடிதான் மிஞ்சும். வீட்டின் சுவரும் இதே கணக்கில் வரும். மண் இளகலாக இருந்தால் 45 டிகிரிகூடப் போதாது.

ஒன்று செய்யுங்கள். சுவரோரம் அஸ்திவாரத்தின் அடி தெரிகிற வரை கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். குளம் வரப்போகிற இடத்தில், சுவர்களிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு சோதனைக் குழி போடுங்கள். 4 அடி வரை ஆள் இறங்கித் தோண்டலாம். அதற்குக் கீழே மேலே நின்றபடியே கைத்துரப்பணத்தால் துளை போடுங்கள், ஆழமான குழியில் மண் சரிந்தால் ஆபத்து. முழுக்க மூடி வையுங்கள், சின்னவன் அந்தப் பக்கம் போகாதபடி. மழை பெய்த பிறகு பாருங்கள்.

இழையைத் தொடங்கியவர் (12 நாள் கழித்து)

தோண்டிவிட்டோம். மதில் அஸ்திவாரம் இரண்டரை அடி, நீங்கள் சொன்ன அதே ஆழம். முதல் நாள் சோதனைக் குழியும் துளையும் உலர்ந்துதான் இருந்தன. நடுவில் இரண்டு நாள் மழை. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் துளையில் தண்ணீர் மினுங்கியது, மேலிருந்து அளந்தால் 5 அடியில். மழைத் தண்ணீர் இறங்கியதுதானோ என்று கிண்ணத்தைக் கயிற்றில் கட்டி இறக்கி இறைத்தேன். மறுநாள் காலையில் மறுபடி அதே 5 அடிக்கு வந்து நின்றுவிட்டது. ஒப்பந்தக்காரர், அதெல்லாம் சாதாரணம், மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே கட்டிவிடலாம் என்கிறார். ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில் 3

விட வேண்டாம். ஆனால் ஆறரை அடி வெட்டாதீர்கள். இறைத்துக் கட்டிவிடலாம், சரி, கட்டி முடித்த பிறகு என்றைக்காவது காலி செய்வீர்களே, அன்றைக்கு என்ன ஆகும்? 13க்கு 8 குளத்தின் வெளி அளவுக்கு, சுற்றியுள்ள நீரில் மூழ்கும் ஒவ்வொரு அடிக்கும் 3 டன்னுக்கு மேல் மேல்நோக்கித் தள்ளும்.

குளத்தைப் பாதி மேலே எடுத்துவிடுங்கள். தண்ணீர் 4 அடி, மேலே அரை அடி காலி இடம், ஆக உள் உயரம் நாலரை. அதில் ஒன்றரை அடி தரைக்கு மேலே இருக்கட்டும். அடித்தளமும் ஜல்லிப் படுகையும் ஓர் அடி. குழி 4 அடியோடு நின்றுவிடும், நீங்கள் பார்த்த நீருக்கு ஓர் அடி மேலே. அஸ்திவாரத்துக்கும் குழிக்கும் வித்தியாசம் ஒன்றரை அடிதான். அகலம் 8 என்றால் குழி 11 அடி, பக்கத்துக்கு இரண்டரை அடி கிடைக்கும். வெளியேற்ற வேண்டிய மண்ணும் பழைய திட்டத்தில் பாதிக்கும் குறைவு. அந்தச் சந்து வழியாகத் தள்ளுவண்டியில் போகப் போவது அது, அதனால் இது சின்ன விஷயமில்லை. ஒன்றரை அடிச் சுவர் உட்காரும் உயரம்தான், நாற்காலிப் பிரச்சினையும் தீர்ந்தது.

ஆனால் கம்பி கட்டும் கணக்கு மாறும். மேலே தெரிகிற சுவருக்கு வெளியே மண் துணை இல்லை, உள்ளிருந்து தண்ணீர் தள்ளும். கீழ்ப் பகுதியைக் குளம் காலியாக இருக்கும்போது வெளியிலிருந்து மண் தள்ளும். இரண்டுக்கும் சேர்த்துக் கம்பி வரைபடம் போட்டு, பொறியாளர் கையெழுத்தோடு வாங்குங்கள். ஜல்லிப் படுகையில் துளைக் குழாய் போட்டு ஒரு சின்னச் சம்புக்குக் கொண்டுவாருங்கள், கனமழையில் நீர் இன்னும் ஏறலாம். மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்யவே வேண்டாம்.

பதில் 4

மோட்டாரைப் பற்றி யாரும் பேசவில்லை. 13 × 8 × 4, கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக ஏறக்குறைய 11,800 லிட்டர். 4 மணி நேரத்தில் ஒரு சுற்று என்றால் மணிக்கு 3,000 லிட்டர் போதும். ஒன்றரை எச்பி மோட்டார் மொத்தத் தண்ணீரையும் ஒரு மணி நேரத்துக்குள் சுற்றிவிடும், சின்ன ஃபில்டர் அந்த வேகத்தில் அழுக்கைப் பிடிக்காது, கரண்டும் வீண். வேகம் மாற்றக்கூடிய சின்ன மோட்டார் போடுங்கள். மணல் ஃபில்டரைப் பின்னோட்டம் விட்டுக் கழுவும் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான லிட்டர் போகும், அதனால் இந்த அளவுக்குக் கழற்றி அலசக்கூடிய கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் தேவலை.

கொஞ்சத் தண்ணீர் சீக்கிரம் கெடும். நாலு பேர் ஒரு சாயங்காலம் இறங்கினாலே குளோரின் இறங்கிவிடும். குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்), பிஎச் என்கிற அமில-கார அளவு 7.2 முதல் 7.8, இதைச் சோதித்துக்கொண்டே இருங்கள். உங்கள் குளத்தில் 1 பிபிஎம் ஏற்ற 65 சதவீதக் குளோரின் தூள் 18 கிராம் போதும். கையளவில் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். தண்ணீரில்தான் தூளைப் போட வேண்டும், தூளில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அமிலத்தை அதன் பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

பதில் 5

3 வயதுப் பிள்ளை இருக்கிற வீடு என்று படித்ததும் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. ஒன்றரை அடிச் சுவர் தடுப்பு ஆகாது, அவன் ஏறிவிடுவான். வீட்டுப் பின்கதவும் தடுப்பு ஆகாது. நான்கு பக்கமும் வேலி, குறைந்தது 4 அடி, கம்பி இடைவெளி 4 அங்குலத்துக்குள், தானே மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவு, அது வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். குளச் சுவரும் பூந்தொட்டியும் ஏறுபடியாகாத அளவுக்கு வேலி தள்ளி இருக்கட்டும். இடம் குறைகிறதே என்று இதில் மட்டும் சுருக்காதீர்கள், வேண்டுமானால் குளத்தைச் சுருக்குங்கள்.

அடியில் ஒற்றை உறிஞ்சு வாய் வைக்க விடாதீர்கள். உடம்போ தலைமுடியோ அதில் ஒட்டிக்கொண்டால் பெரியவர்களாலேயே இழுத்து எடுக்க முடியாது. இவ்வளவு சின்னக் குளத்துக்கு மேலே ஸ்கிம்மர், அதாவது நீர்மட்டத்தில் தண்ணீரை இழுக்கும் வாய், போதும். அடியில் வேண்டும் என்றால் இரண்டு, 3 அடிக்கு மேல் இடைவெளி விட்டு, முடி சிக்காத மூடியோடு. விளக்கு 12 வோல்ட், மொத்த லைனுக்கும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு தடுப்பான்.

இழையைத் தொடங்கியவர்

எல்லோருக்கும் நன்றி. 13க்கு 8, பாதி மேலே, வேலியோடு. புதுக் கோடு போட்டாயிற்று, இந்த முறை வேலிக்கும் சேர்த்து. நாற்காலி போட்டும் நடக்க முடிகிறது. கம்பி வரைபடத்துக்கு ஆள் பார்த்துவிட்டேன். கடைசியாக ஒன்று: கான்கிரீட் போட்ட பிறகு ஒழுகவில்லை என்று எப்படி உறுதி செய்வது? ஓடு ஒட்டிய பிறகு தெரிந்தால் தாங்காது.

பதில் 3

ஓடு ஒட்டும் முன்பே பாருங்கள். 28 நாள் ஈரம் காக்கவிட்டு நிரப்புங்கள். காய்ந்த கான்கிரீட் முதல் சில நாள் தண்ணீர் குடிக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பிறகு ஒரு வாளியில் அதே தண்ணீரை ஊற்றித் திண்ணையில் வையுங்கள், வாளிக்கு உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றாக இருக்கட்டும். மோட்டாரை நிறுத்திவிட்டு இரண்டு மட்டத்தையும் பென்சிலால் குறியுங்கள். 24 மணி நேரம் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்தது. குளம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் ஒழுகல். அடுத்த நாள் மோட்டாரை ஓட்டி இதையே திரும்பச் செய்யுங்கள், அப்போது மட்டும் கூடுதலாக இறங்கினால் குழாயில் கசிவு. இரண்டு நாளும் சரியாக இருந்தால் மட்டும் சுற்றிலும் மண்ணைத் தள்ளி மூடச் சொல்லுங்கள்.