கல்லூரியில் படிக்கும்போது பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள், மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தை எழுதுங்கள்

செஞ்சிக்கோட்டை:

இல்லம் தேடிக் கல்வி (கொரோனாவுக்குப் பின் தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்த அரசுத் திட்டம்), என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாம், சனிக்கிழமை வகுப்பு, எதில் இருந்தவர்களானாலும் வாங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

2022. நான் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. எங்கள் தெரு மாரியம்மன் கோயில் மண்டபத்தில் மாலை ஐந்து முதல் ஏழு வரை இல்லம் தேடிக் கல்வி மையம். திட்டம் எப்படி ஓடியது என்பது உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். வாசிக்கச் சொன்னால் முதல் ஆளாக எழுவான். வரிக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கேள்விக்குறி வந்தால் குரலை ஏற்றி, அப்படி ஒரு வாசிப்பு.

ஒருநாள் அவன் வாசிக்கும்போது கரண்ட் போய்விட்டது. மழைக்காலம், ஆறு மணிக்கே கும்மிருட்டு. மற்ற பிள்ளைகள் கத்தித் தீர்த்தார்கள். அவன் மட்டும் நிறுத்தவில்லை. இருட்டிலேயே அந்தப் பத்தியை முடித்து அடுத்த பத்திக்கும் போய்விட்டான்.

எல்லாரும் சிரித்தோம். எனக்கு உறைக்கவே கொஞ்சம் நேரம் ஆனது. கரண்ட் வந்ததும் வேறு வகுப்புப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து 'மரங்கள்' என்ற சொல்லைக் காட்டினேன். அவன் புத்தகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தான். எல்லாரும் கிளம்பும்போது பக்கத்தில் வந்து, "அக்கா, எங்க மிஸ்கிட்ட சொல்லிடாதீங்க" என்றான்.

ஒரு பாடநூலையே காதால் கேட்டு மனதில் ஏற்றியவனை மந்தம் என்று சொல்ல முடியுமா? ஐந்து வருடமாக அந்தப் பள்ளியில் ஒருத்தருமே வேறு பக்கத்தைத் திறந்து காட்டவில்லையா?

தேரிக்காடு:

என்எஸ்எஸ் ஏழு நாள் முகாம். காலையில் கருவேல மரம் வெட்டு, மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம். எங்கள் குழுவுக்குக் கிடைத்தது பஞ்சாயத்து அலுவலகத் திண்ணை. அட்டையில் படம் வரைந்து அ-அம்மா, ஆ-ஆடு என்று ஜோராக ஆரம்பித்தோம். பிள்ளைகள் கூரை அதிரச் சொன்னார்கள். எங்கள் திட்ட அலுவலருக்கு ஒரே சந்தோஷம், படமெல்லாம் எடுத்தார்.

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள்: "அண்ணா, அடுத்த வருசம் வர்றவங்களும் அம்மா ஆடுல இருந்துதான் ஆரம்பிப்பாங்களா?"

"ஏம்மா?"

"போன வருசம் வந்த அண்ணனும் இதான் சொல்லிக் குடுத்தாரு. அதுக்கு முந்தின வருசம் அக்கா. அவங்க நல்லா பாடுவாங்க."

அந்தக் கிராமத்தை எங்கள் கல்லூரி தத்து எடுத்திருந்தது. வருடா வருடம் புதிதாக ஒரு குழு போகும், ஏழு நாள் இருக்கும், பேனரோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பும். போன குழு எதுவரை சொல்லிக் கொடுத்தது என்று ஒரு தாளில்கூட எழுதி வைக்கவில்லை. பிள்ளைகளுக்கோ நாங்கள் எதை எதிர்பார்க்கிறோம் என்பது அத்துப்படி. வந்தவர்கள் மனம் நோகக் கூடாது என்று கூட அவர்கள் அப்படிக் கத்தியிருக்கலாம்.

கரும்பலகை_மிஸ்:

செஞ்சிக்கோட்டை, உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியை, ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் நாங்கள் இரண்டே பேர்.

ஐந்து வருடம் என்கிறீர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள், நீங்கள் கணிதம் படித்தவர்தானே. 2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. மூடும்போது உங்கள் பையன் இரண்டாம் வகுப்பு, திரும்பி வந்தபோது நான்காம் வகுப்பு. நடுவில் கல்வித் தொலைக்காட்சி இருந்தது, அவன் வீட்டில் அதைப் பார்த்தார்களோ என்னவோ. 2022 ஜூனில், அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளுக்குத்தான் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரித்து உட்கார வைத்தோமே, அதுவும் அந்த வகுப்புகளுக்குத்தான். அவன் அப்போது ஐந்தாம் வகுப்பு. அவனை விட்டுவிட்டது யார் என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்லிவிட முடியாது.

சரி, என் அனுபவம். கல்லூரிப் பெண்கள் சிலர் எங்கள் பள்ளிக்கு வாரம் ஒருமுறை வந்தார்கள், நல்ல பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி நாலாம் வகுப்புப் பையனிடம் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், "ஐயே, இதுகூடத் தெரியாதா?" என்று. அதற்கு முன்பு எழுத்துக்கூட்டியாவது படித்துக்கொண்டிருந்தவன் அன்றோடு வாயை மூடினான். அவள் செமஸ்டர் முடிந்து போய்விட்டாள். தீபாவளி தாண்டும் வரை அவன் என்னிடமும் வாசிக்கவில்லை.

செஞ்சிக்கோட்டை:

மிஸ், வருடக் கணக்கு சரி. ஆனால் 'மிஸ்கிட்ட சொல்லாதீங்க' என்று ஒரு பிள்ளை கெஞ்சினால் அதற்குக் கொரோனாவா காரணம்?

சூளைமேட்டு_மாலதி:

சண்டை அப்புறம். நான் எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) களப்பணிக்குத் திருவள்ளூர் பக்கம் ஒரு செங்கல் சூளைக்குப் போனேன். மேற்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். பொங்கலை ஒட்டி வந்து, மழைக்கு முன் ஊர் திரும்புவார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று அறுத்து அதைக் கழிக்க வேண்டும். ஒடியா ஆசிரியர் இருந்த சூளைகளும் உண்டு. நான் போன இடத்தில் கிடையாது. தமிழ் எழுத்தாவது சொல்லிக் கொடு என்றார்கள்.

பத்து வயதுப் பெண் ஒருத்தி. பேச்சுத் தமிழ் நன்றாகவே வரும், கடைக்குப் போய் வந்து கற்றது. எழுத்தில் அவளுக்கு அக்கறையே இல்லை. நான் சிலேட்டில் எழுதுவேன், அவள் காய்கிற பச்சைக்கல் வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் பாவாடைக்குள் மறைத்து ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். மேஸ்திரியின் கணக்கு நோட்டு. அவள் அப்பா பெயர் இருக்கும் பக்கத்தை எப்படியோ கண்டுபிடித்து வைத்திருந்தாள். "அக்கா, இதப் படி" என்றாள்.

படித்தேன். இந்த வாரம் இவ்வளவு கல், இவ்வளவு கழிவு, அரிசிக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு, பாக்கி இவ்வளவு. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு, "கல்லு தப்பு" என்றாள். அவள் வரிசை வரிசையாக எண்ணி வைத்த கணக்கு வேறு. விரலால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினாள்.

அடுத்த வாரம் நான் போனபோது பிள்ளைகளை என்னிடம் அனுப்பவில்லை. வேலை அதிகம் என்றார்கள். களப்பணி அறிக்கையில் 'மாணவர் வருகை குறைவு' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

புதுகை_சைக்கிள்:

தம்பி தங்கைகளுக்கு வணக்கம். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது நான் கல்லூரி மாணவன். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம், பெண்கள் ஊர் ஊராக சைக்கிள் பழகிய காலம். நாங்கள் சொல்லிக் கொடுத்தது பெரியவர்களுக்கு. அரிக்கேன் விளக்கைச் சுற்றிக் கல்குவாரிப் பெண்கள் உட்காருவார்கள். ஒரு அம்மாவின் மகள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நாளில் அவளும் வாசித்தாள், ஆனால் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தால்தான் வாசிப்பாள். எதிர்ப்பக்கத்திலிருந்தே கற்றவள்.

இப்போது உங்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். முதலில், 'அ'வில் தொடங்காதீர்கள். 'அ' வளைவும் சுழியும் கொண்ட எழுத்து, புதிதாக எழுதும் கைக்குக் கஷ்டம். ட, ப, ம மூன்றையும் கொடுங்கள். நேர்கோடு அதிகம் உள்ள எழுத்துகள். கூடவே புள்ளி வைக்கச் சொல்லிக் கொடுத்தால் முதல் நாளே படம், மடம், பட்டம், மட்டம் என்று நாலு சொல் கையில் வந்துவிடும். சொல் கையில் வந்த பிள்ளை மறுநாள் வரும். 247 எழுத்தையும் அட்டவணை போட்டு ஒப்பிக்க வைத்தால் ஒப்பிக்கத்தான் கற்றுக்கொள்ளும். இரண்டாவது, கொம்பு. கெ, கே, கை மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. பிள்ளை இடமிருந்து வலமாகப் போகும்போது முதலில் கண்ணில் படுவது கொம்பு, அங்கேயே நின்றுவிடும். கொ, கோ என்றால் இரண்டு பக்கமும் குறி. இதற்குத் தனியாக ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். அடுத்து உகரம். கு, டு, து, பு நாலையும் எழுதிப் பாருங்கள், ஒன்றின் வால் மற்றொன்றுக்கு இல்லை. விதி சொல்லிப் பிரயோசனம் கிடையாது, குடை, துணி, புலி என்று சொல்லாகவே பழக்குங்கள். ண, ன, ந குழப்பத்துக்கு முதல் ஆண்டில் சிவப்பு மை வேண்டவே வேண்டாம், பிள்ளை எழுதுவதே பெரிது. வாசிக்கத் தெரிகிறதா என்று பார்க்கப் பாடநூலைத் தொடாதீர்கள். கடலை மடித்த தாள், பஸ் பலகை, ரேஷன் கடையில் எழுதிப் போடும் இருப்பு விவரம், இவைதான் தேர்வுத்தாள். செஞ்சிக்கோட்டை இதைச் செய்திருந்தால் கரண்ட் போகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடைசியாக, வாரம் ஒருமுறை போவதாக இருந்தால் போகவே போகாதீர்கள். தினமும் அரை மணி நேரம் போதும், ஆனால் தினமும். ஒரு முக்கியமான விஷயம், எங்கள் காலத்தில் யாரும் சம்பளம் வாங்கவில்லை.

தேரிக்காடு:

ஐயா, தலைகீழ்ப் பெண்ணுக்கு நாலு வரி, அறிவுரைக்கு ஒரு பக்கமா? அந்தப் பெண் அப்புறம் நேராக வாசித்தாளா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

கோமதி_நெல்லை:

சம்பளம் என்ற சொல்லுக்கு மட்டும் நான் வருகிறேன். நான் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்தேன், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். இருபது பிள்ளைகள், தினமும் இரண்டு மணி நேரம். எங்கள் மையத்தில் சாக்பீஸ், பழைய சார்ட், கொசுவர்த்தி எல்லாம் அதில்தான் வாங்கினேன். தொலைதூரப் படிப்பில் எம்.ஏ. படித்துக்கொண்டே செய்தேன், அந்தப் பணம் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் மாலையில் வெளியே விட்டிருக்க மாட்டார்கள். பீடி சுற்றி உட்காரு என்றிருப்பார்கள். சும்மா செய்ய முடிந்தவர்கள் மட்டும்தான் சேவை செய்ய வேண்டும் என்றால் எங்களைப் போன்றவர்கள் எந்தக் கணக்கில்?

சம்பவமா? இருக்கிறது. ஏழு மணிக்கு வகுப்பு முடிந்தாலும் ஒரு பிள்ளை போகாது. வீட்டில் அப்பா தூங்கிய பிறகுதான் போகும். அது படித்த பாடம் பாதிக்கு மேல் அந்த நேரத்தில்தான். அதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

புதுகை_சைக்கிள்:

கோமதி அம்மா, வருத்தப்பட வேண்டாம், நான் உங்களைச் சொல்லவில்லை. தேரிக்காடு தம்பி, அவர்கள் குடும்பம் வேறு குவாரிக்குப் போய்விட்டது, எனக்குத் தெரியாது. வட்டமாக உட்கார வைத்தால் இந்தப் பிரச்சினை வரும், அதனால் அரைவட்டமாக உட்கார வையுங்கள்.

பெரும்பாக்கம்_ஞாயிறு:

இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு, குடியிருப்பு வாரிய அடுக்குமாடியில் ஞாயிறு வகுப்பு. இது போன வருடம்தான்.

ஏழாம் வகுப்புப் பையன். இரண்டெழுத்துச் சொல்லுக்கே திணறுகிறான். ஆனால் கையில் போன். மைக்கை அழுத்தி எதையோ சொல்கிறான், வீடியோ வருகிறது. வாட்ஸப்பில் எழுதியே அனுப்புகிறவர்களுக்குக் குரல் பதிவாகப் பதில் போடுகிறான். வந்த செய்தியைப் போனே வாசித்துக் காட்டும்படி செட்டிங் போட்டு வைத்திருக்கிறான், எனக்கே அது தெரியாது. நான் அட்டையை நீட்டினேன். அவன் அதன் மேல் போன் கேமராவைக் காட்டினான். போன் சத்தமாக வாசித்தது. "சரிதானேண்ணா?" என்றான்.

சரிதான். உச்சரிப்பில் லகர ளகரம்கூட என்னைவிடச் சுத்தம். படிக்கத் தெரிந்தால் என்ன லாபம் என்று அவனுக்குச் சொல்ல நான் யோசித்த பதில்கள் எல்லாம் பரீட்சை, வேலை என்றே போயின. அவனுக்குப் பரீட்சையில் நம்பிக்கை இல்லை. பெரியவனானால் டெலிவரி வேலைக்குப் போகப் போகிறானாம், அதிலும் வழியைப் போனே சொல்லிவிடும். யாரிடமாவது நல்ல பதில் இருந்தால் சொல்லுங்கள். புதுகை ஐயா, உங்களையும் சேர்த்தே கேட்கிறேன்.

கரும்பலகை_மிஸ்:

சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வான் என்று கேளுங்கள்.

பெரும்பாக்கம்_ஞாயிறு:

கேட்டேன் மிஸ். பவர்பேங்க் வைத்திருக்கிறான்.

முதலாமாண்டு_முத்து:

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊருக்கு என்எஸ்எஸ் அண்ணன்கள் வந்தபோது நான் நாலாம் வகுப்பு. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களைப் பின்னால் உட்கார வைத்து, "நீங்க சத்தம் போடாம இருங்க" என்றார்கள். தெரியாதவர்களுக்கு முன் வரிசை, ஒவ்வொருவருக்கும் ஓர் அண்ணன், சரியாகச் சொன்னால் பிஸ்கட். என் பக்கத்து வீட்டு செல்வி வகுப்பில் முதல் ரேங்க். இரண்டாம் நாளே போய் முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு 'இ' வராதாம், 'ஈ' வராதாம். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுத் தடுமாறிக் கற்று, முகாமின் கடைசி நாள் மேடையில் ஒரு முழுப் பத்தியை வாசித்துக் காட்டினாள். அண்ணன்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஆடாத குறை. எங்கள் ஹெட்மாஸ்டரும் மேடையில்தான் இருந்தார். அவருக்கு அவளை நன்றாகத் தெரியும். ஒன்றுமே சொல்லாமல் கைதட்டினார்.

தேரிக்காடு:

எந்த ஊர்? எந்த வருடம்? எங்கள் முகாமாக இருந்துவிடக் கூடாதே.