குறும்பட ஒளிப்பதிவு: சம்பளம் வரவில்லை, அடுத்த முறை ஃபுட்டேஜைப் பிடித்து வைக்கலாமா?

ஐஎஸ்ஓ640 எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஸ்காம் முடித்துவிட்டு மூன்று வருடமாகச் சென்னையில் குறும்படங்களுக்கு ஒளிப்பதிவு செய்கிறேன். இதுவரை 14 படம். சம்பளம் என்று கையில் வாங்கியது நான்கு படத்துக்குத்தான். மற்றதெல்லாம் பிரியாணி, பெட்ரோல், "அடுத்தது பெருசா பண்றோம் ப்ரோ".

போன மாதம் ஒரு படம். சாலிகிராமத்தில் ஒரு பழைய வீடு, சமையலறையும் மொட்டைமாடியும், இரண்டு இரவு. எனக்கு 10,000 என்று வாய்வார்த்தையாகப் பேசினோம். சோனி எஃப்எக்ஸ்3 கேமரா, மூன்று லென்ஸ், ஜிம்பல் எல்லாம் சேர்த்து வாடகை 11,000. கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர் என்பதால் நானே ஜிபே பண்ணிவிட்டேன், எடிட் முடிந்ததும் மொத்தமாகத் தருகிறேன் என்றார் இயக்குநர். எடிட் முடிந்து, டப்பிங் முடிந்து, படம் யூடியூபிலும் ஏறிவிட்டது. வந்தது 6,000. அதாவது அந்தப் படத்தில் வேலை செய்ததற்கு நான் 5,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

அதைவிடப் படத்தைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. சமையலறையில் அம்மா கேரக்டர் விளக்கை அணைத்துவிட்டு அடுப்பு வெளிச்சத்தில் நிற்கிற ஒரு ஷாட். முகத்தில் பாதி மட்டும் தெரிய வேண்டும், அதற்காக ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி ஒன்றரை மணி நேரம் போனது. இணையத்தில் இறக்கிய ஏதோ ஒரு லட்டை (LUT, படத்தின் நிறத்தை ஒரே சொடுக்கில் மாற்றும் ஃபைல்) அப்படியே போட்டிருக்கிறார்கள். பின்னால் இருக்கிற எவர்சில்வர் டப்பா வரை பளிச்சென்று தெரிகிறது, அம்மா முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது.

கேள்வி மூன்று. பணம் வரும்வரை ஃபுட்டேஜைக் கொடுக்காமல் வைத்திருக்கலாமா? டிஐயில், அதாவது எடிட்டுக்குப் பிறகு நிறம் திருத்தும் வேலையில், கூட உட்கார உரிமை கேட்கலாமா? சொந்தமாகக் கேமரா வாங்கினால் இந்தத் தலைவலி தீருமா?

வளசரவாக்கம்_வாத்தியார்:

தம்பி, ஃபுட்டேஜைப் பிடித்து வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். அதில் உன் உழைப்பு மட்டும் இல்லை. வேளச்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து ராத்திரி முழுக்க நடித்த அந்த அம்மாவின் உழைப்பும் இருக்கிறது, அவருக்கும் அனேகமாகச் சம்பளம் வந்திருக்காது. சட்டமும் உன் பக்கம் அவ்வளவாக இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படத்தின் ஆசிரியர் என்றால் தயாரிப்பாளர்தான், அதாவது படம் எடுக்கும் முயற்சியும் பொறுப்பும் யாருடையதோ அவர். நாம் இல்லை. குறும்படத்தில் அது பெரும்பாலும் இயக்குநரேதான். அதற்கு மேல், "அவன் ஃபுட்டேஜ் தரமாட்டான்" என்று ஒரு பெயர் வந்தால் சாயங்காலத்துக்குள் வடபழனி டீக்கடை முழுக்கத் தெரிந்துவிடும்.

உன் தப்பு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. கேமரா வாடகையை உன் கையிலிருந்து கொடுத்தாய் பார், அங்கே. வாடகை உன் சம்பளம் இல்லை, கடைக்காரரின் பணம். இயக்குநர் கடைக்கு நேரடியாக அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் கேமரா கிளம்பாது, நீயும் கிளம்பமாட்டாய். லொக்கேஷன் பார்க்கப் போவதற்கு முன்பே நான் வாட்ஸப்பில் ஒரு மெசேஜ் போட்டுவிடுவேன்: வாடகை இவ்வளவு, என் சம்பளம் இவ்வளவு, அசிஸ்டென்டுக்கும் கேமரா அட்டெண்டருக்கும் பேட்டா (தினப்படி) இவ்வளவு, தனித்தனியாக. சம்பளத்தில் பாதி முதல் நாளுக்கு முன்னால், மீதி கடைசி நாள் பேக்கப் சொல்வதற்கு முன்னால். "ஓகே" என்று பதில் வந்த பிறகுதான் கதையைப் பற்றியே பேசுவேன். முதல் தடவை அனுப்பும்போது கை கூசும். மூன்றாவது படத்தில் பழகிவிடும்.

பேக்கப் சொன்ன பிறகுதான் அந்த இன்னொரு பேக்கப்பும், அதாவது ஃபுட்டேஜை நகல் எடுப்பதும் (தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, என்ன செய்ய). 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 மெகாபைட்) எடுத்தால் நிமிடத்துக்கு 750 எம்பி, மூன்று மணி நேர ஃபுட்டேஜ் என்றால் 135 ஜிபி. இரண்டு டிஸ்க்கில் ஏற்று, ஒன்று அவர் கையில், ஒன்று உன் பையில். உன் பையில் இருப்பது பாதுகாப்புக்கு, மிரட்டுவதற்கு இல்லை.

டிஐ விஷயத்தில் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. எஸ்-லாக்3-ல் (பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறிய மாதிரி பதிவு செய்யும் சோனி முறை) ஒன்றரை ஸ்டாப் ஓவராக வைத்துத்தானே எடுத்தாய்? ஒரு ஸ்டாப் ஓவர் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம். நிழலில் நாய்ஸ் (புள்ளி புள்ளியாகத் தெரிவது) வரக்கூடாது என்று எல்லோரும் செய்வதுதான். அதை யாரிடமாவது சொன்னாயா? எடிட்டருக்குத் தெரியாது. அவன் எக்ஸ்போஷரை இறக்காமலே லட்டைப் போடுவான், டப்பாவும் பளிச்சென்றுதான் தெரியும். நான் ஒவ்வொரு சீனுக்கும் ஒரு ஃபிரேமை நானே கிரேடு பண்ணி (நிறமும் வெளிச்சமும் திருத்தி) ஜேபெக்காக அனுப்பிவிடுவேன், கூடவே "ஒன்றரை ஸ்டாப் இறக்கு" என்று ஒரு வரி. உரிமை கேட்டுச் சண்டை போடுவதைவிட அந்த ஒரு படம் நன்றாக வேலை செய்கிறது.

கோவை_லென்ஸ்:

கேமரா கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் சூடு பட்டவன்.

2022-ல் இஎம்ஐ போட்டு வாங்கினேன். அன்றிலிருந்து வருகிற போனில் முதல் வரியே "ப்ரோ, உங்ககிட்ட கேமரா இருக்குல்ல?" என்பதுதான். முன்பு வாடகை தனி, நான் தனி. இப்போது 5,000 கொடுத்தால் கேமராவோடு நானும் வருவேன் என்று ஆகிவிட்டது. ஆக இந்தத் தலைவலி தீராது, கூடும்.

கல்யாண வேலை இருந்தால் மட்டும் வாங்குங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள் இஎம்ஐயைக் கட்டிவிடும். ஆடியிலும் மார்கழியிலும் பை பரண்மேல் கிடக்கும், அப்போதுதான் குறும்படக்காரர்களுக்கும் நம் ஞாபகம் வரும். என் குறும்படங்கள் எல்லாமே ஆடியில் எடுத்தவைதான், பாதிப் படங்களில் காற்று தலைமுடியைக் கலைத்து கன்டினியூட்டி போயிருக்கும்.

கையில் காசு இருந்தால் கேமரா பாடிக்குப் பதிலாக நல்ல என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி), இரண்டு சின்ன எல்இடி, ஒரு ஸ்கிம்மர் ஃபிரேம் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணி கட்டிய சட்டம்) வாங்குங்கள். கேமரா இரண்டு வருடத்தில் பழசாகிவிடும், ஸ்கிம்மர் துணிக்கு அப்டேட் கிடையாது. அப்புறம் இடையிடையே கம்பெனி வீடியோ வேலை பிடியுங்கள். பத்து சதவீதம் வருமான வரி (டிடிஎஸ்) பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், ஆனால் தருவார்கள். ரிட்டர்ன் போட்டால் பிடித்ததும் அநேகமாகத் திரும்பி வரும்.

நானும்_இயக்குநர்தான்:

எல்லோரும் எங்களை வெளுக்கிறீர்கள், சரி, தகுதியானதுதான். இந்தப் பக்கத்திலிருந்தும் ஒன்று கேளுங்கள்.

என் முதல் படத்துக்கு 48,000 ஆனது, பாதி என் பணம், பாதி மனைவியின் வளையல். சம்பளம் எவ்வளவு என்று ஒளிப்பதிவாளரிடம் கேட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம் நண்பா, முதல்ல கதையச் சொல்லுங்க" என்றார். நான் உண்மையிலேயே இலவசம் என்று நினைத்துக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து அவர் என்னோடு பேசுவதில்லை என்று மூன்றாவது ஆள் சொல்லித்தான் தெரியும். ஆகவே அந்த "பாத்துக்கலாம்" என்ற வார்த்தையை நீங்கள் முதலில் விடுங்கள்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். 2008-ல் சினிமா மாதிரி வீடியோ எடுக்கும் ஸ்டில் கேமரா, கேனான் 5டி மார்க் 2 வந்தது, அடுத்த ஓரிரு வருடத்தில் கலைஞர் டிவியில் நாளைய இயக்குநர் என்ற குறும்படப் போட்டி நிகழ்ச்சி வந்தது, அதிலிருந்து கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் எல்லாம் பெரிய திரைக்குப் போனார்கள். குறும்படம் என்பது விசிட்டிங் கார்டு என்று ஆனது அப்போதுதான். ஆனால் நிகழ்ச்சியின் பெயரே நாளைய இயக்குநர்தான், நாளைய ஒளிப்பதிவாளர் என்று யாரும் வைக்கவில்லை. கார்டு என் பெயரில், அச்சடித்த செலவு உங்கள் தலையில். இது எனக்கும் உறுத்துகிறது.

ஐஎஸ்ஓ640, அந்த இயக்குநரிடம் ஒரு தடவை கோபமில்லாமல் கணக்கை மட்டும் எழுதி அனுப்புங்கள். வாடகையை நீங்கள் கொடுத்தது அவருக்கு ஞாபகம் இல்லாமலேயேகூட இருக்கலாம். ஷூட்டிங் முடிந்த வாரத்தில் எனக்கு என் போன் நம்பரே ஞாபகம் இருக்காது.

லைட்மேன்_மகன்:

எல்லோரும் கேமராவைப் பற்றியே பேசுகிறீர்கள். அப்பா 26 வருடம் யூனிட்டில் இருந்தார், இப்போது நான்.

அந்த மாதிரி பழைய வீட்டுக்குப் போனால் முதலில் மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். 5 ஆம்பியர் பாயின்டில் ஆயிரம் வாட் பேபி லைட் இரண்டு போட்டால் ஃபியூஸ் போகும், வீட்டுக்காரர் எழுந்து வருவார், அந்த அரை மணி நேரத்துக்கும் பேட்டா ஓடும். சமையலறையில் கிரைண்டருக்கு என்று 15 ஆம்பியர் பாயின்ட் ஒன்று இருக்கும், அதிலிருந்து இழுங்கள். வீட்டு டியூப்லைட்டை ஃபிரேமில் வைத்தால் ஷட்டர் 1/50. போன வாரம் ஒரு தம்பி 1/60-ல் வைத்துவிட்டு சுவர் அலையடிக்கிறது, உங்கள் லைட்தான் கோளாறு என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். நம் ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ் என்று சொன்ன பிறகுதான் அடங்கினார்.

இரண்டு இரவு என்கிறீர்கள், விடிய விடியவா? நாங்கள் போகிற இடத்தில் ராத்திரி இரண்டு மணி தாண்டினால் ஒன்றரை பேட்டா. நீங்கள் மட்டும் ஏன் இரண்டு நாள் என்று எண்ணுகிறீர்கள்?

ஐஎஸ்ஓ640:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சார் சொன்னது சரிதான், ஒன்றரை ஸ்டாப் கதையை நான் யாரிடமும் சொல்லவே இல்லை. படித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நேற்று ராத்திரி கணக்கை எழுதி அனுப்பினேன்: 11,000, 10,000, வந்தது 6,000, பாக்கி 15,000. இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இன்று காலை 11,000 மட்டும் வந்தது, கூடவே "கேமரா காசு நீங்க போட்டீங்களா ப்ரோ, கடையில கடன்னு நினைச்சேன்" என்று ஒரு வாய்ஸ் நோட். மீதி 4,000 அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்குள் என்கிறார். அதைப் பிறகு பார்க்கலாம், இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமை எடிட்டர் வீட்டுக்கு வந்து அந்தச் சமையலறை ஷாட்டைச் சரி பண்ணித் தருகிறேன் என்று சொன்னேன். யூடியூபில் மறுபடி ஏற்றினால் 2,300 வியூஸ் போய்விடுமே என்று யோசிக்கிறார். விழாக்களுக்கு அனுப்புகிற பிரதியிலாவது மாற்றலாம் என்று முடிந்திருக்கிறது.

லைட்மேன் அண்ணா, இரண்டு நாளும் விடிகாலை ஐந்து மணி வரை போனது. அப்படியென்றால் எத்தனை பேட்டா என்று கணக்குப் போடுவது?

லைட்மேன்_மகன்:

மூன்று. அடுத்த படத்தில் இருந்து.