பழைய பிரவுசர்ல உடைஞ்சு தெரிஞ்ச பக்கம்: இன்னும் மனசுல நிக்கிற ஒண்ணு?

அம்பத்தூர்வாசி:

2009. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு பேக்டரிக்கு நாங்க பண்ணிக் கொடுத்த ஆர்டர் என்ட்ரி பக்கம். வேற ஒரு வேலையா அங்க போயிருந்தேன். பர்ச்சேஸ் செக்ஷன்ல ஒரு பெரியவர், அவர் மெஷின்ல ஐஇ6, அதாவது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6. மானிட்டர் ஓரத்துல பால்பாயின்ட்ல எழுதி ஒரு பேப்பர் ஒட்டியிருந்தது: "ஃபாரம் கீழே இருக்கும். பொறுமையாக இறங்கவும்."

எனக்குப் புரியல. திறந்து காட்டினார். இடது பக்கம் மெனு, வலது பக்கம் முழுக்க வெள்ளை. மவுஸை உருட்டி உருட்டிப் போனா, மெனுவெல்லாம் முடிஞ்ச பிறகு அதுக்கும் கீழே ஆர்டர் ஃபாரம் கிடக்கு.

டபுள் மார்ஜின்னு ஐஇ6ல ஒரு பிழை. ஒரு பெட்டியை இடது ஓரம் ஒதுக்க ஃப்ளோட் லெஃப்ட் போட்டு, அதே பக்கம் 20 பிக்சல் மார்ஜின் (வெளி இடைவெளி) கொடுத்தா ஐஇ6 அதை 40 ஆக்கிடும். இடம் பத்தாம வலது பக்கப் பகுதி கீழே விழுந்துடும். ஸ்டைல் ஃபைல்ல (சிஎஸ்எஸ்) டிஸ்ப்ளே இன்லைன்னு ஒரே ஒரு வரி சேர்க்கணும், அவ்வளவுதான். அங்கேயே உட்கார்ந்து எஃப்டிபி வழியா சர்வர்ல ஏத்தினேன். பத்து நிமிஷம்.

நாங்க ஃபயர்பாக்ஸ்ல மட்டும் பார்த்துட்டு டெலிவரி கொடுத்துட்டோம். எட்டு மாசம் அவர் அப்படியே இறங்கி இறங்கி என்ட்ரி போட்டிருக்கார், ஒரு நாளைக்கு நாப்பது ஆர்டர். ஒரு போன்கூட பண்ணல. "இதுதான் உங்க டிசைன்னு நினைச்சேன் தம்பி"ன்னார். ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருந்த மனுஷன். அந்தப் பேப்பரைக் கிழிக்கல. நகத்தால மெதுவா பிரிச்சு, நாலா மடிச்சு, சட்டைப் பையில வச்சுக்கிட்டார்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தா எழுதுங்க.

சைதை_நைட்ஷிப்ட்:

2007, சைதாப்பேட்டைல ஒரு பிரவுசிங் சென்டர்ல ராத்திரி நான்தான் பார்த்துக்குவேன். ஒரு அம்மா வருவாங்க, பையன் துபாய்ல. அன்னிக்கு அவன் முதல் தடவையா தமிழ்லயே மெயில் போட்டிருக்கான், யூனிகோட்ல. மெஷின்ல விண்டோஸ் எக்ஸ்பி, ஃபயர்பாக்ஸ் 2. கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்குது. கால் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். அந்தம்மா ஸ்கிரீன்ல விரல் வச்சு ஒவ்வொரு எழுத்தாக் கூட்டிப் படிக்கிறாங்க. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏம்பா, இவன் தமிழ மறந்துட்டானா?"ன்னு கேட்டாங்க.

தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்ட கண்ட்ரோல் பேனல்ல காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்னு ஒண்ணை டிக் அடிக்கணும்னு தெரியும். எக்ஸ்பி சிடி கேட்டுச்சு, தேடி எடுத்துப் போட்டேன். ரீஸ்டார்ட் பண்ணினா எல்லாம் பழையபடி வந்து நிக்குது. ரீஸ்டார்ட் பண்ணினா எல்லா மாத்தத்தையும் அழிச்சுடுற டீப் ஃப்ரீஸ் சாஃப்ட்வேர் போட்டிருந்தது எனக்கு அப்போதான் ஞாபகம் வந்தது. பாஸ்வேர்டு ஓனர்கிட்ட. "இருக்கட்டும்பா, நாழியாச்சு"ன்னு கிளம்பிட்டாங்க. அவன் தமிழை மறக்கலைன்னு நான் வாயால சொன்னேன்தான். நம்பினாங்களான்னு தெரியல.

மயிலை டிசைனர்:

நைட்ஷிப்ட் சார், அது காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் பிரச்சினையா இருக்காது. ஃபயர்பாக்ஸ் 2ல பத்தியை ஜஸ்டிஃபை பண்ணினா (ரெண்டு ஓரமும் நேரா நிக்கிற மாதிரி) தமிழ் எழுத்து பிரியும். அந்த நாள்ல பதிவர்கள் எல்லாரும் "தயவுசெஞ்சு ஜஸ்டிஃபை பண்ணாதீங்க"ன்னு ஒருத்தருக்கொருத்தர் பின்னூட்டம் போட்டுக்கிட்டிருந்தோம். 2008ல ஃபயர்பாக்ஸ் 3 வந்த பிறகுதான் சரியாச்சு. என் சொந்த சைட்லயே பாதிப் பேர் படிக்க முடியலைன்னு எழுதினாங்க, ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து லெஃப்ட் அலைனுக்கு மாத்தினேன். என் கதை அவ்வளவுதான்.

ஆனா இன்னும் பழைய பிரவுசர்ல வேலை பார்க்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். உடைஞ்ச பக்கத்தைப் பார்த்ததும் சிஎஸ்எஸ்ல கை வைக்காதீங்க. முதல்ல சோர்ஸைத் திறந்து முதல் வரியைப் பாருங்க. டாக்டைப் (பக்கம் எந்த விதிப்படி எழுதினதுன்னு சொல்ற வரி) இருக்கா? அதுக்கு மேல ஏதாவது இருக்கா? ஒரு கமெண்ட் இருந்தாலே ஐஇ6 குவர்க்ஸ் மோடுக்கு, அதாவது பழைய காலத்துக் கணக்குக்குப் போயிடும், எக்ஸ்எம்எல் வரி இருந்தாலும் அப்படித்தான். அந்த மோடுல பேடிங் (உள் இடைவெளி), பார்டர் எல்லாத்தையும் அகலத்துக்குள்ளேயே சேர்த்துக் கணக்குப் போடும். 200 பிக்சல் பெட்டிக்கு ரெண்டு பக்கமும் 20 பேடிங்னா உள்ளே எழுத்துக்கு 160தான் மிஞ்சும். நீங்க மார்ஜினை எவ்வளவு மாத்தினாலும் சரி வராது, ஏன்னா கணக்கே வேற. அதைச் சரி பண்ணின பிறகும் மிச்சம் இருந்தா கண்டிஷனல் கமெண்ட் (ஐஇ மட்டும் படிக்கிற குறிப்பு) வச்சு தனி ஃபைல் கொடுங்க. ஐஇ6க்கு மட்டும் புரியுற அண்டர்ஸ்கோர் ஹேக்கை மெயின் ஃபைல்ல தூவாதீங்க, அடுத்து வர்றவன் தவிச்சுப் போயிடுவான். ஐஇ10லேர்ந்து கண்டிஷனல் கமெண்ட்டும் கிடையாது, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

சைதை_நைட்ஷிப்ட்:

சார், அது மெயில். மெயிலை யாரு ஜஸ்டிஃபை பண்ணுவா? எக்ஸ்பில அந்த டிக் இல்லேன்னா ஃபயர்பாக்ஸ்ல தமிழ் உடையும். நான் பத்து மெஷின்ல பார்த்திருக்கேன்.

மயிலை டிசைனர்:

மெயில்னு கவனிக்கல, மன்னிக்கணும். ஆனா அப்போ ஐஇலயே திறந்திருக்கலாமே? ஐஇ அந்த டிக்கை எதிர்பார்க்காது, தானாவே எழுத்தைச் சேர்த்துக் காட்டிடும்.

சைதை_நைட்ஷிப்ட்:

வைரஸ் பயத்துல ஓனர் ஐஇ ஐகானை எடுத்து வச்சிருந்தார். ஆனா ரன்ல டைப் பண்ணித் திறந்திருக்கலாம். எனக்கு அன்னிக்கு அது தெரியல சார். இதைப் படிச்சதுலேர்ந்து வயித்தைப் பிசையுது.

29சி பயணி:

நோக்கியா போன், ஓபரா மினி. தமிழ்னா வெறும் கட்டம் கட்டமா வரும். பஸ்ல பக்கத்துல உட்கார்ந்திருந்த காலேஜ் பொண்ணு என் போனை வாங்கி, அட்ரஸ்ல ஓபரா கான்ஃபிக்னு அடிச்சு, கடைசி வரைக்கும் போய், பிட்மேப் ஃபாண்ட் இருக்கிற இடத்துல யெஸ் போட்டுக் கொடுத்தது. எழுத்தெல்லாம் படமா வந்தது. மெதுவாதான் வந்தது, ஆனா வந்தது! நான் நன்றி சொல்றதுக்குள்ள ஸ்டாப் வந்து இறங்கிடுச்சு.

ஓஎம்ஆர்_டெவ்:

எல்லாம் சரி, ஆனா அப்டேட் பண்ணச் சொல்லிட்டுப் போறதுதானே நியாயம்? எத்தனை வருஷத்துக்கு நாம பின்னாடி பார்த்துக்கிட்டே கோடு எழுதறது?

அம்பத்தூர்வாசி:

அந்த பேக்டரில ஸ்டாக் சாஃப்ட்வேர் ஐஇல மட்டும் ஓடுற ஆக்டிவ்எக்ஸ்ல எழுதினது தம்பி. ஐஇ6ஐ விட்டு ஏறினா குடோன் கணக்கு திறக்காது. அவர் கையில என்ன இருக்கு? 2022 ஜூன்ல ஐஇ11ஐ மைக்ரோசாஃப்ட் நிறுத்தின பிறகும் எட்ஜ் பிரவுசருக்குள்ள ஐஇ மோடுன்னு ஒண்ணு வச்சிருக்கான், 2029 வரைக்குமாவது இருக்கும்னு சொல்லியிருக்கான். இப்படி மாட்டிக்கிட்டவங்க அவ்வளவு பேர் இருக்கப் போய்த்தானே?

ஓஎம்ஆர்_டெவ்:

ராத்திரி யோசிச்சேன். எனக்கும் ஒண்ணு இருக்கு, எழுத வேணாம்னுதான் இருந்தேன்.

எங்க ஆபீஸ் செக்யூரிட்டி அண்ணன், போன வருஷம். கேன்டீன் டோக்கன் பக்கம் நான் எழுதினது. என்னைக் கூப்பிட்டுத் தன் போனைக் காட்டினார். ஓரம் உடைஞ்ச பழைய ஆண்ட்ராய்டு, குரோம் அப்டேட் ஆகவே இல்ல. பக்கம் முழுக்க வெள்ளை. கேள்விக்குறி புள்ளின்னு ஒரு ஆப்பரேட்டர் போட்டிருந்தேன், அது குரோம் 80லேர்ந்துதான் புரியும். அதுக்கு முந்தினதுல ஸ்கிரிப்ட் முழுசும் செத்துடும். பழைய பிரவுசருக்கும் புரியுற மாதிரி பில்ட் டார்கெட்டை இறக்கி மறுநாளே ஏத்திட்டேன்.

ஆனா அவர் என்கிட்ட பக்கம் வரலைன்னு சொல்லல. "சார், இது ஸ்டாஃபுக்கு மட்டும்தானா?"ன்னுதான் கேட்டார்.