கபடி மைதானத்தில் ரத்தம் எடுத்து மெட்டபோலோமிக்ஸ் செய்வது சரிவருமா?

பாளை_ஆய்வாளன்:
அண்ணாச்சி, அக்கா எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் உடற்பயிற்சி உடலியங்கியலில் ஆராய்ச்சி செய்கிறேன். 2022-ல் நேச்சர் இதழில் வந்த லாக்-பீ கட்டுரையைப் படித்ததிலிருந்து ஒரு ஆசை. லாக்டேட்டும் (கடும் உழைப்பில் தசை வெளிவிடும் பொருள்) பினைலாலனினும் (ஒரு அமினோ அமிலம்) சேர்ந்து உண்டாகும் பொருள் அது. கடுமையாக ஓடினால் ரத்தத்தில் ஏறுகிறது. பருத்த எலிகளுக்கு ஊசியில் கொடுத்தால் தீனி குறைகிறது. மனிதர்களில் ஸ்பிரிண்ட்டுக்குப் பிறகுதான் அதிகம் ஏறியதாம். 30 விநாடி ரெய்டும் கிட்டத்தட்ட அதுதானே?

வள்ளியூர்ப் பக்கம் ஒரு ஊர் மைதானத்தில், பன்னிரண்டு பேரிடம் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்து மெட்டபோலோமிக்ஸ், அதாவது ரத்தத்திலுள்ள நூற்றுக்கணக்கான சிறு மூலக்கூறுகளை ஒருசேர அளப்பது, செய்யத் திட்டம். இரவு பைக்கில் பாளைக்குக் கொண்டுவந்து, மறுநாள் காலையில் சென்ட்ரிஃபியூஜில் (ரத்தத்தை வேகமாகச் சுழற்றி அணுக்களையும் பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதியையும் பிரிக்கும் கருவி) போடலாம் என்றிருக்கிறேன். மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் கண்டு அளக்கும் மாஸ் ஸ்பெக் கருவி பெங்களூரில்.

தென்காசிக்காரி:
மறுநாளா? வேண்டவே வேண்டாம் தம்பி. நான் வேலை பார்ப்பதே மாஸ் ஸ்பெக் லேபில்தான். இந்த மாதிரிக் குழாய்கள் வந்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

குழாய்க்குள் போன பிறகும் சிவப்பணு சும்மா இருக்காது. குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆற்றல் மூலக்கூறு சிதைவதில் வரும் ஹைப்போசாந்தினும் வெளியே கசியும். ஸ்பிரிண்ட் ஓடியவன் ரத்தத்தில் ஏறுவதும் இதே இரண்டும்தான். அதாவது, திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் ரத்தம்கூட நம்ம ஊர் வெக்கையில் ராத்திரி முழுக்கக் கிடந்தால் ரெய்டு போய் வந்ததுபோல் தெரியும். இன்னொன்று, முன்னால் எடுத்த குழாய் கூடுதல் நேரம் காத்துக் கிடக்கும். நீ தேடுகிற வித்தியாசமே அதில் அமுங்கிப்போகலாம்.

சின்ன சென்ட்ரிஃபியூஜ் ஒன்றை மைதானத்துக்கே கொண்டு போ. எடுத்தவுடன் ஐஸில் வை, ஒவ்வொரு குழாய்க்கும் ஒரே அளவு நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்து உறையவை. பிறகு மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் ஃப்ரீசரில் வை. பெங்களூருக்கு ட்ரை ஐஸில் மட்டும் அனுப்பு. வழியில் உருகி மறுபடி உறைந்த மாதிரியை நான் குப்பையில்தான் போடுவேன்.

வியர்வையையும் கணக்கில் எடு. கடும் ஆட்டத்தில் பிளாஸ்மாவின் அளவே 10 சதவீதம், அதற்கு மேலும் சுருங்கும். தசை எதையும் வெளிவிடாமலேயே எல்லாப் பொருளும் கூடியதாகத் தோன்றும். ஹீமோகுளோபின், ஹிமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) இரண்டையும் முன்னும் பின்னும் அளந்து, டில்லும் காஸ்டிலும் 1974-ல் கொடுத்த சூத்திரத்தால் திருத்திக்கொள்.

கபடி_கோச்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கணும் தங்கச்சி. லாக்டேட் மட்டும் போதும் என்றால் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் மீட்டரே இருக்கிறதே? பயலுகள் சீசனில் பதநீர் குடித்துவிட்டு வருவார்கள், மற்ற நாளில் கருப்பட்டிக் காப்பி. ராத்திரி புரோட்டா. அதெல்லாம் ரத்தத்தில் தெரியாதா?

தென்காசிக்காரி:
நல்லாவே தெரியும் அண்ணாச்சி. காப்பி குடித்தவனை அதிலுள்ள டிரிகோனெலின் என்ற பொருள் காட்டிக்கொடுத்துவிடும், மீன் தின்றவனை டிஎம்ஏஓ என்ற பொருள். முந்தின நாள் ராத்திரியிலிருந்து எல்லோருக்கும் ஒரே பந்தியில் சாப்பாடு போட முடிந்தால் பாதித் தலைவலி தீரும். லாக்டேட் மட்டும் கேள்வி என்றால் மீட்டரே போதும், இவ்வளவு செலவு வீண். தம்பி கேட்பது லாக்-பீ, அதற்கு மாஸ் ஸ்பெக் வேண்டும். ஆனால் அதை மட்டும் குறிவைத்து அளந்தாலே போதுமே? நூற்றுக்கணக்கான பொருளைப் பன்னிரண்டு பேரில் தேடினால் தற்செயலாகவே சிலது ஏறி நிற்கும்.

பாளை_ஆய்வாளன்:
சரி அக்கா, லாக்-பீயை மட்டும் குறிவைக்கிறேன். நெறிமுறைக் குழுவுக்குத் திருத்திய திட்டத்தைக் கொடுத்துவிட்டுத்தான் மைதானத்துக்குப் போவேன். கோச் அண்ணாச்சி, உங்கள் மைதானத்தில் சென்ட்ரிஃபியூஜ் ஓட்டக் கரண்ட் கிடைக்குமா, இல்லை ஜெனரேட்டர் கொண்டு வரணுமா?