கலைச்சொல் வேண்டும்: ஸ்வெட்டர் மெஷினில் "ஃப்ளோட்"

வ. (குன்னூர்) எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். மகளிர் பயிற்சி வகுப்பில் துளையட்டை போட்டு ஓட்டும் வீட்டு ஸ்வெட்டர் மெஷின் சொல்லிக்கொடுக்கிறேன். பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஊசி, கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்), வண்டி (ஊசிகளின் மேல் ஓடி நூலைக் கொண்டுபோவது), துளையட்டை எல்லாம் தானாக அமைந்துவிட்டன. ஒரு சொல் மட்டும் அமையவில்லை.

இரண்டு நிறத்தில் பூ போடும்போது வண்டியில் இரண்டு நூல் கோத்திருக்கும். அட்டையில் துளை உள்ள இடத்து ஊசி பூ நிறத்தைப் பின்னும். மற்ற ஊசிகள் உடல் நிறத்தைப் பின்னும். ஒரு நூல் பின்னும் இடத்தில் மற்றது பின்னாமல் சும்மா கடந்து போகும். அப்படிக் கடக்கும் துண்டுக்குப் பெயர்தான் ஃப்ளோட். அது ஐந்து கண்ணிக்கு மேல் நீண்டால் கை நுழைக்கும்போது விரல் மாட்டுகிறது. இறுக்கமாகப் போனால் துணி இழுபடாமல் கழுத்து தலையில் நுழைவதில்லை. எனவே இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். "மிதவை" என்று எழுதிப் பார்த்தேன். வகுப்பில் யாருக்கும் ஒட்டவில்லை.

இரா. (தஞ்சாவூர்) எழுதியது:

மிதவை வேண்டாம் அம்மா. நீரும் இல்லை, மிதப்பதும் இல்லை; ஆங்கிலச் சொல்லின் நிழல் அது. "பின்னோடி" என்று வையுங்கள். துணியின் பின்னால் ஓடுவது பின்னோடி. முன்னோடி ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் காதுக்கும் புதிதாக இராது. இன்னொரு நயமும் உண்டு. பின்னுதல் என்ற வினையே "பின்" என்ற இடச்சொல்லிலிருந்து கிளைத்தது என்பது என் கருத்து. ஒரு புரியை இன்னொன்றின் பின்னால் கொண்டுபோவதுதானே பின்னல்? பிணை, பிணையல், பின்னகம் எல்லாம் இந்த வேரில் நிற்பவை. ஆக, பின்னோடி என்ற சொல்லில் தொழிலும் இடமும் ஒருங்கே வருகின்றன.

சு. (திருப்பூர்) எழுதியது:

ஐயா, இங்க பனியன் கம்பெனியில் நிட், டக், மிஸ், ஃப்ளோட் என்றுதான் ஃபிட்டர் முதல் முதலாளி வரை சொல்றாங்க. அந்தப் பிள்ளைகள் நாளைக்கு வேலைக்கு வந்தால் இந்தச் சொல்லைத்தான் கேட்கப்போகிறார்கள். பின்னோடி என்று படித்துவிட்டு வந்தால் யாருக்குப் புரியும்?

க. (மதுரை) எழுதியது:

திருப்பூரில் சொல்கிறார்கள் என்பதற்காக எழுதிவிட்டால் கலைச்சொல் குழு எதற்கு? "ஃப்" என்று ஆய்தத்தை ஒட்டவைத்து எழுதுவதையே நான் ஏற்கவில்லை. வடசொல் வந்தாலும் அதன் எழுத்தை ஒருவித் தமிழெழுத்தில் எழுதுக என்றார் தொல்காப்பியர். ஐரோப்பியச் சொல்லுக்கு மட்டும் என்ன சலுகை?

இரா. ஐயாவின் வேர் ஆய்வையும் ஏற்பதற்கில்லை. கன்னடத்தில் பின்னால் என்பதற்கு ஹிந்தெ, பின்னலுக்கு ஹெணிகெ. இரண்டும் ஒரே வேர் என்றால் ஒரே மொழியில் ஒன்றில் னகர இனமும் மற்றொன்றில் ணகரமும் எப்படி வந்தன? பின்னுதலை வேண்டுமானால் பிணையோடு சேருங்கள், "பின்" தனி. என் பரிந்துரை "ஓடிழை". வினைத்தொகை. ஓடிய இழை, ஓடுகின்ற இழை, ஓடும் இழை என்று மூன்று காலமும் தாங்கும்.

மீ. (லண்டன்) எழுதியது:

பின்னோடிக்கு ஒரு சான்று தரலாம் என்று எழுதுகிறேன். இந்த வகைப் பூவேலைக்கு ஃபேர் ஐல் என்றே உலகமெங்கும் பெயர். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னிக்கும் ஷெட்லாந்துக்கும் நடுவே உள்ள சிறு தீவு அது. 1920களில் வேல்ஸ் இளவரசர் அந்த ஸ்வெட்டரை அணிந்த பிறகு ஊரெல்லாம் பரவியது. மரபான வேலையில் ஒரு வரிசைக்கு இரண்டு நிறத்துக்கு மேல் வராது. பத்துப் பன்னிரண்டு நிறம் தெரிந்தாலும் வரிசை மாறும்போது நூலை மாற்றிக்கொண்டதுதான். அங்கே கையால் வட்டமாகப் பின்னுவார்கள், நல்ல பக்கம் பின்னுபவரைப் பார்த்தே இருக்கும். சும்மா போகும் நூல் எப்போதும் பின்பக்கம்தான்.

ஃபேர் ஐல் என்பதை "அழகுத்தீவு" என்று மட்டும் யாரும் மொழிபெயர்த்துவிட வேண்டாம். பழைய நோர்ஸ் மொழியில் அதன் பெயர் ஃப்ரிதரெய். அழகுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஊர்ப்பெயரை ஊர்ப்பெயராகவே விடுவோம்.

வ. (குன்னூர்) எழுதியது:

மீ. சொன்னது கைப்பின்னலுக்குச் சரி. மெஷினில் நேர்மாறு. ஊசிகளில் துணி தொங்கும்போது உட்கார்ந்து ஓட்டுகிறவர் பார்ப்பது துணியின் கெட்ட பக்கத்தை. பூ சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும். சும்மா போகும் நூல் முழுக்க நம் கண்முன் வரிவரியாகக் கிடக்கும். "பின்னோடியைப் பார்" என்றால் பிள்ளைகள் மெஷினுக்குப் பின்னால் குனிந்து தேடுவார்கள். நீளமாகக் கிடக்கும் நூலைக் கொக்கியால் தூக்கி மேலே உள்ள ஊசியில் மாட்டச் சொல்லும் இடத்தில் பக்கம் குழம்பக் கூடாது.

வரையும்போதும் இந்தச் சொல் வேண்டும். எங்கள் அட்டை 24 கண்ணி அகலம். 2, 3, 4, 6, 8, 12 எல்லாவற்றாலும் வகுபடுவதால் அந்த எண். பூ எந்த அளவில் இருந்தாலும் திரும்பத் திரும்பப் பொருந்தும். போன வாரம் ஒரு மாணவி கட்டத்தாளில் அன்னம் வரைந்தார். கழுத்துக்கும் வாலுக்கும் நடுவே 11 கட்டம் வெறுமை. அப்படியே பின்னினால் பூ நூல் 11 கண்ணியைத் தாண்டித் தொங்கும். சரியாக நடுவில் ஒரு புள்ளி வைத்தோம். இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. விரல் மாட்டாது, அன்னமும் கெடவில்லை. அப்போது அந்தப் பெண் தானாகச் சொன்னது: "இங்க நூல் ரொம்ப தூரம் தாவுது டீச்சர்." தாவுநூல் என்று வைக்கலாமா?

ந. (காஞ்சிபுரம்) எழுதியது:

தாவுநூல் நன்றாக இருக்கிறது. தறிச்சொல் ஏதாவது கிடைக்குமா என்று நானும் யோசித்தேன். புட்டா போட்ட சேலையின் பின்பக்கமும் இப்படித்தான் நூல் கிடக்கும். மெட்டியில் மாட்டுகிறது என்று நெட் வைத்துத் தைப்பார்கள். ஆனால் நெசவில் அதை வெட்டிவிடலாம். ஊடும் பாவும் தனியாகத் துணியைத் தாங்கி நிற்கும். பின்னலில் அந்த நூலே அடுத்த கண்ணிக்கும் போவதால் வெட்டினால் கண்ணி கழன்று ஓட்டை விழும். அதனால் தறிச்சொல்லை இங்கே கொண்டுவருவது ஆபத்து.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நிறப் பகுதிக்கும் தனி நூல் வைத்து, நிறம் மாறும் இடத்தில் இரண்டையும் ஒன்றோடொன்று சுற்றிவிட்டுப் பின்னும் இன்டார்ஸியா வேலையும் உங்கள் குறிப்பில் வரும் அல்லவா? அதற்குக் "கோர்வை" என்று எழுதுங்கள். எங்கள் சேலையில் உடலின் ஊடு நூலும் கரையின் ஊடு நூலும் அப்படித்தான் கோத்துக்கொள்கின்றன. அங்கே தாவும் நூலே கிடையாது.

க. (மதுரை) எழுதியது:

கோர்வை என்பது இணைப்பின் பெயர், வேலையின் பெயரன்று. இருக்கட்டும், அதைத் தனி உரையாடலில் பேசுவோம். தாவுநூலும் வினைத்தொகைதான், குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் தாவுவதற்கு உயிர் வேண்டும். ஓடுவது நீருக்கும் நிழலுக்கும் நூலுக்கும் பொது.

வ. (குன்னூர்) எழுதியது:

ஐயா, ஓடிழையில் எனக்குள்ள தடை "இழை". பள்ளிப் பாடத்தில் செயற்கை இழை, இயற்கை இழை என்று படித்து வருகிறார்கள். அங்கே இழை என்றால் நூற்பதற்கு முந்தையது. சரி, ஓடுநூல் என்று மாற்றினால் ஓட்டுத்தையலின் நூல் என்று நினைப்பார்கள். தையல் தெரிந்த பெண்கள்தான் பாதிப்பேர்.

க. (மதுரை) எழுதியது:

நன்னூலார் பாயிரத்தில் பஞ்சைச் சொல்லுக்கும் இழையைச் செய்யுளுக்கும் உவமை ஆக்கினார். பஞ்சு நூற்கப்பட்டு இழை ஆகிறது. நூற்ற பிறகுதான் இழை. பாடநூல் பொருளை மாற்றியது அண்மையில். அதற்கேற்ப நாம் ஏன் வளைய வேண்டும்?

சு. (திருப்பூர்) எழுதியது:

அன்னம் கதை படித்த பிறகு நானும் தாவுநூலுக்கு வந்துவிட்டேன். ஒரு வேண்டுகோள், முதல் முறை வரும் இடத்தில் மட்டும் திருப்பூரில் இதை ஃப்ளோட் என்பார்கள் என்று ஒரு வரி போடுங்க டீச்சர். வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அது சோறு.

வ. (குன்னூர்) எழுதியது:

போட்டுவிட்டேன். ந., சு. இருவரும் தாவுநூல் பக்கம். இரா. ஐயா பதில் எழுதவில்லை. நேரம் இல்லாததால் தாவுநூல் என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். கைப்பின்னலுக்கு வேறு குறிப்பு எழுதினால் பின்னோடியை அங்கே நிச்சயம் எடுத்துக்கொள்வேன்.

க. (மதுரை) எழுதியது:

என் தொகுப்பில் ஓடிழை என்றே இருக்கும்; மாற்றமில்லை. "டக்" என்பதற்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்?

வ. (குன்னூர்) எழுதியது:

பழைய கண்ணி கழலாமல் நிற்க, அதே ஊசியில் புது நூலும் வந்து ஏறிக்கொள்வது டக். வகுப்பில் "சுமைக்கண்ணி" என்கிறோம். அடுத்த அச்சுக்குத்தான் வருகிறது, மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது ஐயா.