வேலந்தாவளம் சொந்தபந்தம் குழு: எந்தக் கார்ட்ரிட்ஜ் வாங்கலாம்?

பிரகாஷ்: மாமா, டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் (இசைத்தட்டு ஓட்டற மெஷின்) ஒண்ணு கைக்கு வந்திருக்குங்க. ஆர்ம் நுனியில மாட்டற ஹெட்ஷெல் இருக்கு, அதுல ஊசியோட வர்ற கார்ட்ரிட்ஜ் இல்லீங்க. வீணையில கமகம், மிருதங்கத்துல விரல் படற சத்தம் எல்லாம் பிரிஞ்சு கேக்கோணும். பட்ஜெட் கம்மிதாங்க.

சுந்தரம் மாமா: உன்னோட ஆம்ப்ளிஃபயர்ல போனோ இன்புட் இருக்குதா மாப்ளே? எம்எம் (காந்தம் அசையற கார்ட்ரிட்ஜ்) மட்டுமா, எம்சியும் (காயில் அசையறது) உண்டா?

பிரகாஷ்: கார்ட்ரிட்ஜ் சத்தத்தைப் பெருக்கற தனி போனோ ப்ரீஆம்ப்புங்க மாமா. எம்எம் மட்டுந்தான்.

சுந்தரம் மாமா: அப்ப எம்சி வேண்டாம். எம்எம் 3-லிருந்து 5 மில்லிவோல்ட் குடுக்கும், 40 டெசிபல் பெருக்கம் போதும். சாதாரண எம்சி அரை மில்லிவோல்ட்டுக்குள்ள நிக்கும், 60 டெசிபல் பக்கம் வேணும். உன் ப்ரீஆம்ப்புல போட்டா சத்தம் எந்திரிக்காது, இரைச்சல்தான் மிஞ்சும். ஊசி தேஞ்சா வீட்ல மாத்தவும் முடியாது. கம்மி காசுல நுணுக்கம் வேணும்னா, காசு வைர முனைக்குப் போகோணும்.

கோமதி அக்கா: அதுக்குத் தோது ஆடியோ டெக்னிகா விஎம்95 வரிசைதான் பிரகாஷ். சி (கூம்பு முனை), ஈ (நீள்வட்ட முனை), ஈஎன், எம்எல் (மைக்ரோலீனியர்ங்கற மெல்லிய முனை), எஸ்ஹெச் அஞ்சுக்கும் உடம்பு ஒண்ணேதான், ஊசி மட்டும் வேற. இன்னைக்கு ஈ வாங்கிட்டு, பின்னால எம்எல் ஊசிய மட்டும் வாங்கிச் சொருகிக்கலாம். திரும்ப அலைன்மென்ட் (ஊசி இடமும் கோணமும் சரிபண்றது) பண்ற வேலையும் அனேகமா இருக்காது, ஒருதடவை சரிபாத்தாப் போதும்.

பிரகாஷ்: ஈ-க்கும் எம்எல்-க்கும் காதுல தெரியற அளவு வித்தியாசம் இருக்குங்களா அக்கா?

சுந்தரம் மாமா: தட்டோட கடைசிப் பாட்டுல தெரியும். 33⅓ சுத்துல வெளி ஓரத்துல பள்ளம் விநாடிக்கு 50 செ.மீ. வேகத்துல ஊசிக்கடியில ஓடுது. உள்ள லேபிள்கிட்ட வர்றப்ப அது 20 சொச்சம்தான். அதே 10 கிலோஹெர்ட்ஸ் சத்தம் வெளிய 50 மைக்ரான் நீள அலை, உள்ள வெறும் 20 மைக்ரான். கூம்பு முனையோட ஆரம் 15 மைக்ரான். அது அந்த வளைவுக்குள்ள எப்படி நுழையும்? மேலாலயே நழுவிப் போயிரும், ‘ச’, ‘ஸ’ எல்லாம் கிழிஞ்சு கேக்கும். ஈ-யோட நீள்வட்ட முனைக்குப் பக்க ஆரம் 8 மைக்ரான் பக்கம். எம்எல் 3 மைக்ரான். நீ கேக்கற விரல் சத்தம் அந்த 3 மைக்ரான்லதான் இருக்கு.

கோமதி அக்கா: ஆயுசையும் பாரு. கம்பெனியே சொல்ற கணக்கு ஈ-க்கு 300 மணி நேரம், எம்எல்-க்கு 1000. விலை சுமாரா மூணு மடங்கு. மணிக்கணக்குப் போட்டா ரெண்டும் ஒண்ணுதான், எம்எல் காஸ்ட்லின்னு சொல்லவே முடியாது. முடிஞ்சா நேரா எம்எல்லே வாங்கிரு.

பிரகாஷ்: ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜைப் பத்தியும் ஒருத்தர் சொன்னாருங்க.

சுந்தரம் மாமா: நல்ல உடம்பு, 5.5 மில்லிவோல்ட், ஊசி தட்டை அழுத்தற எடை 1.8 கிராம் வெக்கோணும். சத்தம் துள்ளலா இருக்கும். அதுலயும் 2எம் ப்ளூ ஊசிய மாத்திக்கலாம். ஆனா ப்ளூவும் நீள்வட்டந்தான். உள் பள்ளத்துச் சுத்தம்னு பாத்தா என் ஓட்டு எம்எல்-க்கு.

கோமதி அக்கா: வாங்கறதுக்கு முன்ன ப்ரீஆம்ப் புத்தகத்துல கெபாசிட்டன்ஸ் (மின்தேக்கு அளவு) பாரு. நிறையப் பேரு இதை விட்டுட்டு ஊசியத் திட்டறாங்க. விஎம்95-க்கு 47 கிலோ ஓம், 100-லிருந்து 200 பிகோஃபாரட் வரைக்கும். ஆர்ம் வயர், ப்ரீஆம்ப்புக்குப் போற ஆர்சிஏ வயர், ப்ரீஆம்ப் உள்ள இருக்கறது மூணையும் கூட்டித்தான் இந்தக் கணக்கு. காயில் 550 மில்லிஹென்றி. மொத்தம் 200 இருந்தா ஒத்ததிர்வு 15 கிலோஹெர்ட்ஸ்ல விழும். 400 ஆயிட்டா 11-க்கும் கீழ இறங்கிரும். அந்த இடத்துல சத்தம் எகிறி, அதுக்கு மேல சட்டுனு விழுந்துரும். கூர்மையாவும் இருக்கும், நுணுக்கமும் இருக்காது. ப்ரீஆம்ப்ல சுவிட்ச் இருந்தா ஆகக் கம்மியில வை, நீள வயர் போடாதே.

பிரகாஷ்: சரிங்க அக்கா. மாட்டறது எப்படிங்க மாமா?

சுந்தரம் மாமா: முதல்ல ஊசிய உருவி டப்பாவுல வெச்சிரு, வெறும் உடம்ப மட்டும் மாட்டு. ஸ்க்ரூ பெட்டியில வர்றதையே போடு. அது 2.6 மி.மீ. மரை, கையில கிடக்கற 2.5 லூசா நிக்கும். நட்டு வேண்டாம், ரொம்ப முறுக்கவும் வேண்டாம். வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். முள்மூக்கு ப்ளையர்ல கிளிப்பப் பிடிச்சுத் தள்ளு, வயரைப் பிடிக்காதே. கிளிப் லூசா இருந்தா கார்ட்ரிட்ஜ்ல இருக்கறப்ப அழுத்தாதே, கழட்டி அழுத்து. பின்னுல சால்டர் வெக்கவே கூடாது, சூட்டுல உள்ள காயில் போயிரும்.

சுந்தரம் மாமா: அப்பறம் ஊசியச் சொருகி, ஹெட்ஷெல் ரப்பர் வாஷர்ல இருந்து முனை வரைக்கும் 52 மி.மீ. வை. அது டெக்னிக்ஸ் கணக்கு. நெட்ல எடுத்து அச்சடிக்கற பேர்வால்ட் தாள்ல (ஊசிக் கோணம் பாக்கற அளவுத் தாள்) நடுக்குச்சியில இருந்து 66, 120.9 மி.மீ.ல புள்ளி இருக்கும், அதுக்கு வெச்சா கார்ட்ரிட்ஜ் கொஞ்சம் முன்னால வரும். ரெண்டும் சரிதான், ஆனா கலக்காதே. தாள 100 சதவீதத்துல அச்சடிச்சயான்னு ஸ்கேல் வெச்சுப் பாரு. எம்எல் முனை கோணம் கொஞ்சம் பிசகுனாலும் காட்டிக்குடுக்கும், பொறுமையா வை.

பிரகாஷ்: எடை எவ்வளவுங்க?

சுந்தரம் மாமா: ஆன்ட்டி-ஸ்கேட் (ஆர்ம் உள்பக்கம் இழுபடாமத் தடுக்கற குமிழ்) 0-ல வெச்சு, ஆர்ம் காத்துல மட்டமா மிதக்கற வரைக்கும் பின்குண்டைத் திருப்பு. குண்டுல இருக்கற எண் டயல மட்டும் 0-க்குக் கொண்டாந்து, குண்டை 2.0 கிராமுக்குத் திருப்பு. ஆன்ட்டி-ஸ்கேட்டும் 2. கம்பெனி சொல்ற எல்லை 1.8–2.2. எடை குறைச்சா ஊசி பள்ளத்துல துள்ளித் துள்ளி அடிக்கும், அதுலதான் தட்டு கெடும். சின்ன டிஜிட்டல் ஸ்டைலஸ் தராசு ஒண்ணு வாங்கிக்க, டயலை மட்டும் நம்பாதே. ஆர்ம் தட்டுக்கு இணையா இருக்கற மாதிரி உயர வளையத்தத் திருப்பு.

பெரியப்பா: நம்ம வீட்டுப் பழைய 78 தட்டையும் இதுல ஓட்டலாமா?

கோமதி அக்கா: வேண்டாங்க பெரியப்பா. எம்கே2-வுல 33, 45 மட்டுந்தான், 78 வேகமே இல்லீங்க. பள்ளமும் அகலம், எல்பி ஊசி அடியில போய் அழுக்க உழும். 78-க்கு 3 மில் (மில்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) முனை வேணும், இதே வரிசையில விஎம்95 எஸ்பி இருக்கு, எடை 5 கிராம். ஆனா 78 சுத்தற வேற டர்ன்டேபிள்லதான் போடோணும்.

பெரியப்பா: பூஞ்சை பிடிச்சிருக்குதே அம்மிணி, ஸ்பிரிட் வெச்சுத் தொடைக்கட்டுமா?

கோமதி அக்கா: ஐயோ வேண்டாங்க! 78 அரக்குங்க, ஆல்கஹால் பட்டாக் கரைஞ்சிரும். சுத்தத் தண்ணியில ஒரு சொட்டு பாத்திரக் கழுவி, மெல்லிய பிரஷ், உடனே ஒத்தி எடுங்க. லேபிள் நனையாம பாத்துக்குங்க. எடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழை) முன்ன எல்லாத்தையும் செங்குத்தா அடுக்கி வெச்சிருங்க.

சுந்தரம் மாமா: மாப்ளே, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்ப ஊசியில நூலாட்டம் தூசி சேரும். பின்னால இருந்து முன்னால மட்டும் பிரஷ் பண்ணு, பக்கவாட்டுல தள்ளுனா முனையத் தாங்கற கேன்டிலீவர் குச்சி வளைஞ்சிரும். விரல் படவே கூடாது.

பிரகாஷ்: எம்எல் ஆர்டர் போட்டுர்றேனுங்க மாமா. இப்பவே ப்ரீஆம்ப்புல லேசா ‘ம்ம்’னு ஒரு சத்தம் வருதுங்களே, கார்ட்ரிட்ஜ் இல்லாததாலயா?

கோமதி அக்கா: ஹெட்ஷெல் வெறுமனே திறந்திருந்தா ஹம் வரத்தான் செய்யும். கார்ட்ரிட்ஜ் மாட்டுன பின்னயும் இருந்தா, டர்ன்டேபிள்ல இருந்து வர்ற கிரவுண்ட் வயரை ப்ரீஆம்ப் கிரவுண்ட் ஸ்க்ரூவுல இறுக்கு. அதுக்கும் போகலைன்னா ப்ரீஆம்ப் அடாப்டர எட்ட நகத்தி வை.