பால்பல்லு விழாமலே பின்னாடி புதுப்பல்லு முளைச்சிருச்சு, என்ன செய்ய?

வணக்கம் மக்களே, நாங்க பாம்பன். மகளுக்கு ஆறரை வயசு. நேத்து பல்லு வெளக்கி விடும்போது பாத்தா கீழ் முன்பல்லுக்குப் பின்னாடி புதுசா ஒண்ணு எட்டிப் பாக்குது, நொய்யரிசி அளவுதான், ஆனா மேல் ஓரம் அரம் மாதிரி சொரசொரன்னு மூணு முனையா இருக்கு, முன்னாடி பால்பல்லு இன்னும் விழல, தொட்டா லேசா ஆடுது அவ்ளோதான்.

பால்பல்லோட வேரு கரையாம நின்னா இப்படி வரும், தானா விழுந்துட்டா நாக்கே புதுப்பல்ல முன்னாடி தள்ளிரும்னு படிச்சேன். அம்மா நூலக் கட்டி இழுத்துருவோம்ங்கிறாக, எனக்கு மனசு ஒப்பல. பிள்ளை வேற கண்ணாடி முன்னாடியே நிக்கிறா, சாணில உருட்டி கூரைல எறியணும்னு தெனம் கேக்குறா.

உங்க பிள்ளைகளுக்கு இப்படி வந்துச்சா? எத்தன வாரம் பொறுத்துப் பாத்தீக? புடுங்குனா ஊசி போட்டாகளா, ரொம்ப அழுதுச்சா? ராம்நாட்ல சின்னப் பிள்ளைகள பொறுமையா பாக்குற பல் டாக்டர் இருந்தா சொல்லுங்க, அவுக அப்பா கடலுக்குப் போயிருக்காக, சனிக்கிழமை வந்ததும் கூட்டிட்டுப் போகணும்.